கோப்பிப் போத்தல்

"ஒண்டுமில்லை" என்ற ஒரு சொல்லைக் கேட்பதற்காகத்தான் எங்கள் சனம் ஆஸ்பத்திரிக்கு வரும். நாரந்தனையில் பஸ் ஏறி, வேர்த்து விறுவிறுத்து வந்து, இரண்டு மணித்தியாலம் வாங்கில் குந்தியிருந்து, உள்ளே போய், டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு "ஒண்டுமில்லை, போங்கோ" என்றால் பாதி வருத்தம் அங்கேயே இறங்கிவிடும். மிச்சப் பாதிக்கு இரண்டு குளிசை போதும். தலையில் அடிபட்டு வந்த எவருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லாத ஒரு டொக்டர் எங்கள் தீவு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாலரை வருசம் இருந்தார். ஒருதரமும் சொல்லவில்லை.

நான் அங்கே அம்புலன்ஸ் சாரதி. வாயைக் கொஞ்சம் அடக்கினால் நல்ல மனிசன் என்று என் மனைவி சொல்லுவாள். டொக்டர் வந்த முதல் கிழமையே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. தலையில் பனம்பழம் விழுந்த ஒரு மனிசியை வேலணையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். மனிசி வண்டியில் ஊர்க்கதை பேசிக்கொண்டுதான் வந்தது. டொக்டர் பார்த்தார், கேட்டார், வீட்டுக்கு அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அண்ணை, நாளைக்கும் அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நாளையிண்டைக்கும்" என்றார்.

"பனம்பழம் விழுந்து செத்த ஆள் இந்தத் தீவில இல்லை, டொக்டர்."

"சாகாத ஆக்களைப் பற்றித்தான் நான் கேக்கிறன், அண்ணை."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நான் இன்னும் இரண்டு நாள் பெற்றோலைக் கொட்டி அந்த மனிசியை ஊர்வலம் கொண்டுபோனேன். ஒழுங்கைச் சனம் வேலியால் எட்டிப் பார்த்து, மனிசிக்குக் கடைசி வருத்தம் என்றே முடிவு கட்டிவிட்டது.

சின்ன உருவமான மனிசி. நாற்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரிக்குள் றப்பர் செருப்போடுதான் திரிவார். முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தலை அடிபட்டவர்களின் வார்ட்டில் வேலை செய்தவர். எந்த நேரமும் வாயில் சுவிங்கம். ஒரு டொக்டர் இப்படி அசைபோடலாமோ என்று தாதி மிஸ்ஸிமார் முகம் சுளிப்பார்கள். அன்பளிப்பு எதையும் வாங்கமாட்டார். யாராவது முருங்கைக்காயோ கணவாயோ கொண்டுவந்து வைத்தால், வைத்தவரே திரும்ப எடுத்துக்கொண்டு போகும்வரை அது யன்னல் கட்டுக்கு மேலேயே கிடக்கும்.

தலை அடிபட்டு வந்தவர் யாராக இருந்தாலும் அவரிடம் ஒரே ஒழுங்குதான். முதலில் மூன்று சொல் சொல்லுவார்: ஊசி, தோணி, முருங்கை. நினைவில் வைத்திருக்கச் சொல்லுவார். பிறகு மார்கழியிலிருந்து தைவரைக்கும் மாதங்களைப் பின்னுக்குச் சொல்லச் சொல்லுவார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, ஜாம் போத்தல் ஒன்றைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடிப்பார். அதற்குள் கோப்பித்தூள். என்ன மணம் என்று கேட்பார். கடைசியாக அந்த மூன்று சொல்லையும் திருப்பிக் கேட்பார். அடுத்த நாளும் இதே கேள்விகள், மூன்றாம் நாளும் இதே கேள்விகள். யாழ்ப்பாணத்துக்கு நோயாளியை ஏற்றிப் போகும்போது பின்னால் இருந்தும் இதையே கேட்டுக்கொண்டு வருவார். நான் முன்னால் இருந்து வண்டி ஓட்டுவேன், நடுவில் சின்னக் கண்ணாடி யன்னல் திறந்திருக்கும். கேட்டுக் கேட்டு எனக்குச் செபம் மாதிரிப் பாடம். சில நேரம் நோயாளிக்கு முன்னால் என் வாயில் மறுமொழி வந்து நிற்கும்.

ஒருநாள் நோயாளியை விட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வந்தோம். டொக்டர் முன் இருக்கையில். பாலத்தில் திருத்த வேலை, எங்களுக்கு முன்னால் லொறிகள் வரிசை கட்டி நின்றன. சும்மா இருக்க ஏலாமல் கேட்டேன், ஏன் இப்படிச் சனத்தைப் போட்டு வதைக்கிறீங்கள் என்று.

அவர் புதிதாக ஒரு சுவிங்கத்தை வாயில் போட்டு மென்றார். பதமானதும் வெளியே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தார். நூல் மாதிரி மெலிந்து நீண்டுகொண்டே போனது. திரும்ப உருட்டி, இந்தமுறை சடாரென்று இழுத்தார். படக்கென்று அறுந்தது.

"ரெண்டும் ஒரே சாமான்தான், அண்ணை. வேகம்தான் வித்தியாசம். மூளைக்குள்ள ஒவ்வொரு நரம்புக் கலத்துக்கும் ஒரு வால் இருக்கு. நூல் மாதிரி. கோடிக்கணக்கில. நாங்கள் நடக்க, குனிய, அதுகள் கொஞ்சம் இழுபடும், திரும்பச் சுருங்கும். பிரச்சினையில்லை. ஆனால் தலை வெட்டித் திரும்பினால் அந்த நூல் விறைச்சுப்போகும். விறைச்சால் உள்ளுக்கு இருக்கிற குழாயள் முறியும். வெளித்தோல் முழுசா இருக்கும். நல்ல நூல் எண்டுதான் தெரியும்."

"குழாய் என்னத்துக்கு?"

"சாமான் போக." முன்னால் நின்ற லொறிகளைக் காட்டினார். "பாலம் உடைஞ்சால் இதெல்லாம் எங்க நிக்கும்?"

"இங்காலதான், வேற எங்க."

"நிண்டு நிண்டு அந்த இடம் வீங்கும். ஒருநாள், ரெண்டுநாளில வீங்கின இடத்தில நூல் தானா அறும். அடிபட்ட அண்டைக்கு அறாதது மூண்டாம் நாள் அறும். அப்ப முதல் நாள் வந்து நிக்கிற ஆளுக்கு நான் என்னெண்டு ஒண்டுமில்லை எண்டு சொல்லுறது?"

"அதுக்குத்தானே ஸ்கான் இருக்கு."

"ஸ்கான் ரத்தத்தைக் காட்டும், எலும்பைக் காட்டும். நூலைக் காட்டாது."

எனக்கு அது பிடித்துக்கொண்டது. ஆனாலும் இப்படி ஒரு பிடிவாதம் சும்மா வராது, பின்னால் ஒரு கதை இருக்கவேண்டும் என்று நினைத்தேன். "உங்கட வீட்டில ஆருக்கும் இப்பிடி நடந்ததோ, டொக்டர்?"

"ஒருத்தருக்கும் நடக்கேல்லை. படிச்சனான், வார்ட்டில பார்த்தனான். அவ்வளவுதான்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஊர் அப்படி விடுமா. டொக்டரைக் கட்ட இருந்த பெடியன் மோட்டார் சைக்கிளால் விழுந்து செத்ததாக ஒரு கதை ஏற்கெனவே நடமாடியது. நான் போய், அப்படியில்லையாம் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

இறுப்பிட்டி மேசனின் கதையையும் சொல்லவேண்டும். மோட்டார் சைக்கிள் சறுக்கித் தலை அடிபட்ட ஆள். வெளியே ஸ்கான் எடுத்து, எல்லாம் நல்லம் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மனைவி அழுதுகொண்டு எங்களிடம் கூட்டிவந்தாள். சோற்றுக் கோப்பையை எறிகிறாராம். கல்லு வைக்கப் போன வீட்டுக்கு வழி தெரியாமல் திரும்பி வருகிறாராம். றேடியோவில் யாரோ முன்பின் தெரியாதவரின் மரண அறிவித்தலைக் கேட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுகிறாராம். தமையன்மார், வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள்.

டொக்டர் தமையன்மார் இருவரையும் கூப்பிட்டார். மூத்தவரை நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரச் சொன்னார். இளையவரை அவரின் ஒரு காதுக்குள் கதைக்கச் சொன்னார். மற்றக் காதுக்குக் கிட்ட மேசையில் கரண்டியால் தட்டும் பொறுப்பு என்னுடையது. மூத்தவர் எண்பத்தாறோடு நின்றுவிட்டார். எரிச்சலில் என் கையைத் தட்டிவிட்டார்.

"உங்களுக்கு ஒரு நிமிசம்," என்றார் டொக்டர். "அவருக்கு விடிஞ்சால் பொழுதுபடும்வரை."

மேசனின் மனைவி போகும்போது, "நடிக்கேல்லை எண்டு ஒரு கடதாசியில எழுதித் தருவீங்களோ?" என்று கேட்டாள். டொக்டர் தமிழில், பெரிய எழுத்தில், இவர் நடிக்கவில்லை, இவருக்கு மூளையில் காயம் உண்டு என்று எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அவள் அதைப் பிளாஸ்ரிக் உறை போட்டு வீட்டு முன்சுவரில் மாட்டினாள். தமையன்மார் பிறகு வாய் திறக்கவில்லை. எனக்கு அன்றுதான் டொக்டரில் உண்மையான மரியாதை வந்தது. இவ்வளவு மரியாதை இருந்தும் நான் செய்த வேலையை இனிச் சொல்லுகிறேன்.

எங்கள் கடற்கரைக் கோவில் பங்குகளில் பந்து என்றால் உயிர். கோவில் திருநாளை ஒட்டி உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். தலைகள் மோதி ஒருவர் விழுந்தால் எங்களிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது: சோடாப் போத்தலைக் குலுக்கித் தலையில் ஊற்றி, துவாயால் இறுக்கிக் கட்டி, முதுகில் தட்டித் திரும்ப மைதானத்துக்குள் தள்ளிவிடுவது. டொக்டர் இதை ஒருதரம் கண்ணால் கண்டார். அடுத்த நாளே பங்குச் சுவாமியாருக்குக் கடிதம் எழுதினார். தலை அடிபட்டவர் டொக்டரின் அனுமதித் துண்டு இல்லாமல் அடுத்த ஆட்டம் ஆட ஏலாது என்று சுவாமியார் சட்டம் போட்டார். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சுவாமியாரின் கையில் கொடுத்தவன் நான்தான்.

என் மகளுக்கு அப்போது பதினெட்டு. பெண்கள் அணிக்குக் கோல் காப்பவள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அரையிறுதி ஆட்டம். பக்கவாட்டாகப் பாய்ந்தவளின் தலை இரும்புக் கம்பத்தில் அடிபட்டது. சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஓடிப்போவதற்குள் சோடா ஊற்றியாயிற்று. எழும்பி நின்றாள், சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு பெனால்டியையும் தடுத்தாள். தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். கொழும்பு அணி ஒன்றின் ஆட்கள் அவளைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள். எடுத்தால் விளையாட்டோடு வேலையும் தருவார்கள். மீன்பிடிக்கிற குடும்பத்தில் நான் ஒருவன்தான் கடலால் ஏறிச் சம்பளத்துக்கு வந்தவன். என் மகள் கொழும்பில் சம்பளம் எடுப்பாள் என்ற நினைப்பே என்னைத் தலைகால் தெரியாமல் செய்துவிட்டது. நடுவில் நின்றது சனிக்கிழமை காலை டொக்டரிடம் எடுக்கவேண்டிய ஒரு துண்டு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை வீட்டில் சோறு அடிப்பிடித்துவிட்டது. மனைவி ஆட்டம் பார்த்துவிட்டு வந்த சந்தோசத்தில் அடுப்பை மறந்துபோனாள். வாசலிலேயே மணத்தது. மகள் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். வளர்ந்துவிட்டாள், குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள் என்று நான் நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன்.

சாப்பிட்டு முடிய அவளைக் கதிரையில் இருத்திப் பாடம் தொடங்கினேன். ஊசி, தோணி, முருங்கை. மார்கழி, கார்த்திகை, ஐப்பசி. அவளுக்குப் புரட்டாதியில் தடுமாறியது. திரும்பச் சொன்னேன். திரும்பவும் புரட்டாதியில் நின்றது. களைப்பு என்று நினைத்து இன்னும் பத்துத்தரம் சொல்லவைத்தேன்.

"கண்ணை மூடச் சொல்லி ஒரு போத்தலைப் பிடிப்பா. கோப்பி. மறக்காதை."

"கோப்பி," என்றாள்.

மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள். "நீங்கள் என்ன, மூளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறியளோ?" என்று கேட்டாள். நீ உன்ர வேலையைப் பார் என்றேன்.

சனிக்கிழமை காலையில் நான் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் டொக்டருக்கு முன் இருந்தாள். நான் கதவடியில் நின்றேன். ஒரு மிஸ்ஸி பக்கத்தில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். முதல் நாள் யாரோ ஒரு மனிசி சுறாக் கருவாட்டைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். வழக்கம்போல அது யன்னல் கட்டுக்கு மேலே கிடந்தது.

டொக்டர் மூன்று சொல்லையும் சொன்னார். மகள் தலையாட்டினாள். மாதங்களைக் கேட்டார். என் மகள் மார்கழியிலிருந்து தைக்கு ஒரே மூச்சில் வந்து சேர்ந்தாள். புரட்டாதியில் தடுமாறவே இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டொக்டர் சுவிங்கம் மெல்லுவதை நிறுத்தினார். என்னை ஒருதரம் பார்த்தார்.

"கண்ணை மூடும், பிள்ளை."

மூடினாள். டொக்டர் கோப்பிப் போத்தலைக் கையில் எடுத்தார், மூடியைக் கழற்றவில்லை. சத்தம் வராமல் அதை மேசையில் திரும்ப வைத்துவிட்டு, யன்னலடிக்குப் போனார். பேப்பரைப் பிரித்து, அந்தக் கருவாட்டை அப்படியே என் மகளின் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

சுறாக் கருவாடு என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதவடியில் நின்ற எனக்கு மூக்கில் அடித்தது. மிஸ்ஸி கைலேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினாள்.

"என்ன மணக்குது?"

"கோப்பி," என்றாள் என் மகள். நன்றாகப் படித்துக்கொண்டு போன பிள்ளையின் சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"வடிவா இழுத்துப் பாரும்."

இழுத்தாள். "கோப்பிதான், டொக்டர்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். டொக்டர் கண்ணைத் திறக்கச் சொன்னார். மகள் கருவாட்டைப் பார்த்தாள், மேசையில் இருந்த போத்தலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் கோப்பி எண்டெல்லே சொன்னனீங்கள்."

மிஸ்ஸி எழுதுவதை நிறுத்திவிட்டாள். டொக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. கதிரையை இழுத்து மகளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு, அவளிடம் மட்டும் கதைத்தார். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் மெல்லிய நூல்கள். மேலே எலும்பில் அரிதட்டு மாதிரிச் சின்னச்சின்ன ஓட்டைகள், அதற்குள்ளால் அவை போகின்றன. தலை கம்பத்தில் அடிபட்டபோது எலும்பு நின்றுவிட்டது, உள்ளே மூளை அசைந்தது. ஓட்டையடியில் நூல்கள் அறுந்துவிட்டன. மூக்கு நரம்பு சிலருக்குத் திரும்ப முளைக்கும், சிலருக்கு முளைக்காது. உமக்கு எப்படி என்று இப்போது எனக்குத் தெரியாது என்றார்.

மகள் அழுதாள். மூக்குக்காக அல்ல, ஞாயிற்றுக்கிழமைக்காக.

இந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கவேண்டும். மூடவில்லை. "ஒரு மட்ச் தானே, டொக்டர். மூக்காலயோ பந்து பிடிக்கிறது?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து வந்த சொற்களில் இதற்கு வெட்கப்படுகிற மாதிரி வேறு எதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "மூக்கில அறுந்தது எனக்குத் தெரியும். மற்ற இடங்களில எத்தினை நூல் அறாமல் வீங்கிக்கொண்டு நிக்குது எண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுகளை இன்னொருக்கா வெட்டி இழுக்க நான் விடமாட்டன், அண்ணை."

துண்டு தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் அணி மூன்று கோலால் தோற்றது. கொழும்பு ஆட்கள் எதிரணியிலிருந்து ஒரு பிள்ளையைத் தெரிவு செய்துகொண்டு போனார்கள். ஊர் முழுக்க டொக்டரைத் திட்டியது. கடையில் அவருக்குச் சாமான் கட்டிக் கொடுக்கக்கூட ஆட்கள் முகம் கொடுக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் என் மகள் வெளிச்சம் கண்டால் சத்தி எடுத்தாள். கதைத்துக்கொண்டிருக்கும்போதே சொல் தேடி நின்றாள். மூன்றாம் நாள் தாயின் பெயரை யோசித்துத்தான் சொன்னாள். நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, டொக்டரைத் திட்டியவர்களிடம்கூட. அதுவும் என் குற்றக் கணக்கில்தான் சேரும்.

திங்கட்கிழமை மரத்தால் விழுந்த ஒருவரை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினேன். டொக்டர் பின்னால் ஏறினார். கேள்விகளைத் தொடங்குமுன் எழும்பி வந்து, நடுவில் இருந்த கண்ணாடி யன்னலைச் சாத்திவிட்டார். கோபமாக அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான். அதற்குப் பிறகு அவர் எந்த மூன்று சொல்லைக் கேட்டார், எந்தப் போத்தலைப் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. மாற்றலாகிப் போகும்வரை அந்தக் கண்ணாடி திறக்கவில்லை. என்னோடு கதைப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. சுவிங்கம்கூடத் தந்தார். ஆனால் அந்தச் சாத்திய கண்ணாடி என்னை அறுத்த மாதிரி ஒரு ஏச்சும் அறுத்திருக்காது.

அவர் போன அன்று பஸ் நிலையம்வரை பைகளைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். பஸ் வரச் சுணங்கியது. ஒரு வருசமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "டொக்டர், அண்டைக்கு நான் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வேறு யாராக இருந்தாலும், "அதொண்டுமில்லை, விடுங்கோ" என்று சொல்லியிருப்பார்கள். ஊர் வழக்கம் அது. அவர் அதைக்கூடச் சொல்லவில்லை.

"கோப்பியை விடுங்கோ, அண்ணை," என்றார். "மாசத்துக்கொருக்கா ஒவ்வொரு சாமானா மாத்தி மாத்திப் பிள்ளையின்ர மூக்கில பிடியுங்கோ. சவர்க்காரம், தேசிக்காய், எதெண்டாலும். திரும்ப முளைச்சால் முதல்ல பிழையாத்தான் மணக்கும். பிழையா மணந்தால் நல்லது."

பஸ் வந்தது. பைகளை ஏற்றிவிட்டேன். அவர் யன்னலால் கை காட்டினார்.

என் மகள் இப்போது வேலணையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். பந்து ஆடுவதில்லை. பால் புளித்ததா என்று தாயிடம் கேட்டுத்தான் குடிப்பாள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், அவளைக் கதிரையில் இருத்தி நான் சோதனை வைப்பேன். தேசிக்காய், மிளகு, நல்லெண்ணெய், வேப்பம்பூ. கண்ணை மூடிக்கொண்டு, முதலில் வேண்டுமென்றே "கோப்பி" என்பாள். பிறகு கண்ணைத் திறந்து, "மணக்கேல்லை, அப்பா" என்பாள். மாதக்கணக்காக இதே பகிடி, இதே மறுமொழி. நானும் விடவில்லை.

போன மாதம் சந்தனச் சவர்க்காரம் பிடித்தேன். கோப்பி என்று சொல்லவில்லை. முகத்தைச் சுளித்தாள். திரும்ப மூச்சை இழுத்தாள். தலையைப் பின்னுக்கு எடுத்தாள்.

"என்னப்பா இது, ரயர் எரிச்ச மணம்."

கையில் இருந்த சவர்க்காரத்தை நானே மணந்து பார்த்தேன். நல்ல சந்தனம். மனைவியைக் கூப்பிட்டேன், அவளும் மணந்து பார்த்து ஓம், சந்தனம்தான் என்றாள். ஆனாலும் என் புத்தி எனக்குத் தெரியுமே, பிள்ளைக்கும் அதே புத்தி வந்திருந்தால் என்ன செய்வது.

"உண்மையா மணக்குதோ, இல்லாட்டி அப்பா சந்தோசப்படட்டும் எண்டு சொல்லுறியோ?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இதை நீங்கள் சொல்லித் தரேல்லையே, அப்பா."